நாற்காலி முதல் நைட் ஷிஃப்ட் பஸ் வரை: வேலையிடத்தில் எல்லோருக்கும் இடம் கிடைக்க என்ன செய்யணும்? சட்டம் என்ன சொல்கிறது?

ஜவுளிக்கடைக்குப் புடவை எடுக்கப் போகிறீர்கள். நீங்கள் உட்கார ஸ்டூல் போடுவார்கள். உங்களுக்கு எதிரே ஒவ்வொரு புடவையாகப் பிரித்துக் காட்டும் பெண், காலையில் கடை திறந்ததிலிருந்து நின்றுகொண்டே இருப்பார். கால் வலி, மூட்டு வலி, நரம்புச் சுருட்டல் எல்லாம் அந்த வேலையோடு சேர்ந்தே வரும். "கஸ்டமர் இல்லாத நேரத்திலாவது உட்காரலாமே" என்று கேட்டால், "உட்கார்ந்தா முதலாளி திட்டுவாரு" என்பதுதான் பதிலாக இருக்கும்.

இதை மாற்றத்தான் 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. எல்லா ஊழியர்களுக்கும் உட்கார இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

பெரிய ஐ.டி. கம்பெனிகளில் 'டைவர்சிட்டி, ஈக்விட்டி, இன்க்ளூஷன்' என்ற வார்த்தைகளை அடிக்கடி கேட்கலாம். சுருக்கமாக டி.இ.ஐ. அதற்கென்று ஒரு நாள் விழா, சுவரில் ஒரு போஸ்டர், ஹெச்.ஆர். அனுப்பும் ஒரு மெயில். ஆனால் ஊழியர் அதை உணர்வது நாற்காலி, கழிப்பறை, ஷிஃப்ட் பஸ், விண்ணப்பப் படிவம் போன்ற சின்னச் சின்ன விஷயங்களில்தான். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூன்று வார்த்தைக்கும் என்ன வித்தியாசம்?

பன்முகத்தன்மை (டைவர்சிட்டி): வேலையிடத்தில் யார் யார் இருக்கிறார்கள்? ஆண்கள், பெண்கள், திருநர்கள், மாற்றுத்திறனாளிகள், பல சாதி, பல மதம், பல ஊர், பல வயதுக்காரர்கள் இருக்கிறார்களா?

சமநீதி (ஈக்விட்டி): அவரவருக்குத் தேவையானது கிடைக்கிறதா? எல்லோருக்கும் ஒரே உயரத்தில் கவுன்ட்டர் போடுவது சமமாகத் தெரியும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தக் கவுன்ட்டர் எட்டாது. அவருக்குத் தாழ்வான மேஜை போட்டால்தான் அவரும் மற்றவர்களைப் போல வேலை செய்ய முடியும்.

உள்ளடக்கம் (இன்க்ளூஷன்): உள்ளே வந்தவருக்கு மரியாதை இருக்கிறதா? அவர் சொன்னால் கேட்கிறார்களா? முடிவெடுக்கும் இடத்தில் அவருக்கு இடம் உண்டா?

நூறு பேரில் ஐம்பது பேர் பெண்கள், ஆனால் சூப்பர்வைசர்கள் எல்லோரும் ஆண்கள் என்றால், அங்கே முதலாவது இருக்கிறது, மூன்றாவது இல்லை.

'உட்காரும் உரிமை' எப்படி வந்தது?

இது முதலில் வந்தது கேரளத்தில். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்கு உட்கார அனுமதி இல்லை, பல கடைகளில் கழிப்பறையும் இல்லை. போக இடம் இல்லை என்பதால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள். தையல் தொழிலாளியான விஜி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கி இந்தப் பெண்களைத் திரட்டினார். பல ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் விஜி பெயரும் இடம்பெற்றது. மூன்று ஆண்டு கழித்துத் தமிழ்நாடும் அதே பாதையில் வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் கேட்டது விருதோ சிறப்புச் சலுகையோ இல்லை. ஒரு ஸ்டூலும் ஒரு கழிப்பறையும்தான். அதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது.

சட்டம் வந்த பிறகும் ஸ்டூலைப் போட்டுவிட்டு, "அதுல உட்காராதே" என்று சொல்லும் சூப்பர்வைசர் இருந்தால் எதுவும் மாறாது. இருக்கை இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அதில் பயமில்லாமல் உட்கார முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது எங்கே தவறு நடக்கிறது?

முதல் வடிகட்டல் பெயரிலேயே நடக்கலாம். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகிய இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பு, தகுதி எல்லாம் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயருக்குச் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான். 2007-ல் வெளியான ஆய்வு இது.

"தமிழ்நாட்டில்தான் பெயருக்குப் பின்னால் சாதி கிடையாதே, இனிஷியல்தானே?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதே விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேறு கேள்விகள் இருக்கின்றன. "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? அப்பா என்ன பண்றாரு? குலதெய்வம் எது? நீங்க வெஜ்தானே?" வேலைக்கும் இந்தக் கேள்விகளுக்கும் சம்பந்தமே இல்லை.

பெண்களிடம் கேட்கப்படுவது வேறு: "கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை எப்போ?" 2024 ஜூனில் ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலை, திருமணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுப்பதைத் தவிர்த்ததாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. திருமண நிலையைப் பார்த்துப் பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் துறை தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. ஆள் எடுக்கும்போது பெண்களிடம் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1976 சம ஊதியச் சட்டத்திலேயே இருப்பதை அப்போது துறை சுட்டிக்காட்டியது.

சில சமயம் தடை மனிதரிடம்கூட இருக்காது, படிவத்தில் இருக்கும். பிரித்திகா யாஷினி எஸ்.ஐ. வேலைக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் ஆண், பெண் என இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. திருநங்கையான அவரது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2015-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, 2017-ல் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாக இருந்திருந்தால் இந்தப் போராட்டமே தேவைப்பட்டிருக்காது.

வேலை கொடுத்துவிட்டால் போதாதா?

போதாது என்பதற்குக் கொச்சி மெட்ரோ நல்ல உதாரணம். 2017-ல் மெட்ரோ தொடங்கியபோது டிக்கெட் கவுன்ட்டர், பராமரிப்புப் பணிகளுக்குத் திருநர்களை வேலைக்கு எடுத்தார்கள். நாடே பாராட்டியது. ஆனால் சில வாரங்களிலேயே அவர்களில் சிலர் வேலைக்கு வருவதை நிறுத்தினார்கள். காரணம், நகரத்தில் அவர்களுக்கு யாரும் வீடு வாடகைக்குத் தரவில்லை. லாட்ஜில் தங்கினால் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

வேலையிடத்தின் கதவைத் திறந்த நிர்வாகம், ஊழியர் இரவு எங்கே தூங்குவார் என்பதை முன்கூட்டியே யோசிக்கவில்லை.

பெண்கள் விஷயத்திலும் இதே கதைதான். 2019-20 தொழிற்சாலைகள் ஆண்டு ஆய்வின்படி, நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இவர்களில் பலர் வெளிமாவட்டங்களிலிருந்து வருபவர்கள். வேலைக்கு வா என்று சொல்லும்போதே தங்கும் இடம், பஸ், பாதுகாப்பு மூன்றும் சேர்ந்து வர வேண்டும். தமிழ்நாடு அரசின் 'தோழி' விடுதிகளும், ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக 2024-ல் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பும் இந்தத் தேவையில் பிறந்தவைதான்.

நைட் ஷிஃப்ட்: தடை சரியா, பஸ் சரியா?

1948 தொழிற்சாலைகள் சட்டம், பெண்கள் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை ஆலையில் வேலை செய்யக்கூடாது என்றது. பாதுகாப்புக்காக வந்த விதிதான். ஆனால் அதனால் பெண்களுக்கு ஷிஃப்டும் போனது, கூடுதல் வருமானமும் போனது. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. கூடவே போக்குவரத்து, பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளையும் விதித்தது.

பெண்ணை வீட்டிலேயே இருக்கச் சொல்வது நிர்வாகத்துக்குச் சுலபம். வீட்டு வாசல் வரை பஸ் விடுவதற்குச் செலவாகும். சமநீதி பற்றிப் பேசும் நிர்வாகம் அந்தச் செலவுக்கும் பட்ஜெட்டில் இடம் ஒதுக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் என்ன தருகிறது?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அரசு நிறுவனங்களில் 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடம் என்றால், அந்தக் கொள்கையில் என்னென்ன வசதி உண்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் இருக்க வேண்டும்.

இதில் முக்கியமான சொல் 'நியாயமான தகவமைப்பு'. ஒருவர் வேலை செய்ய வசதியாகச் சின்ன மாற்றம் செய்து கொடுப்பது. பார்வையற்றவரின் கம்ப்யூட்டரில் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் போடலாம். காது கேளாதவருக்கு மீட்டிங்கில் பேசுவதை எழுத்தில் காட்டலாம். நடக்கச் சிரமப்படுபவரின் இருக்கையைத் தரைத்தளத்துக்கு மாற்றலாம். நியாயமான இந்த வசதியை மறுப்பதே பாகுபாடு என்கிறது சட்டம்.

குழந்தை பிறந்தால் வேலை என்ன ஆகும்?

2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்க்கலாம். பேறுகால விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம்.

எழுத்தில் இல்லாத பிரச்சினை, திரும்பி வந்த பிறகுதான் தொடங்குகிறது. "நீ இல்லாதப்ப ப்ராஜெக்ட்டை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டோம்" என்பார்கள். அந்த வருட மதிப்பீட்டில் மதிப்பெண் குறையும். மாலை ஆறரை மணிக்குத்தான் முக்கியமான மீட்டிங் வைப்பார்கள். குழந்தையை அழைக்கப் போகிறவர் அதில் இருக்க மாட்டார், முடிவு அவர் இல்லாமலே எடுக்கப்படும். மீட்டிங்கைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்ற ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

பாலியல் தொல்லை புகார்: தெரிந்திருக்க வேண்டியவை

1997-ல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 2013-ல் தனிச் சட்டம் வந்தது. அதன் முக்கிய அம்சங்கள்:

- 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம்.
- குழுவின் தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும்.
- சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தரலாம். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் அவகாசம் தரலாம்.
- விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும்.
- குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.
- 10 பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம். வீட்டு வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும்.

உங்கள் ஆபீஸில் குழு உறுப்பினர்கள் யார் என்று இப்போதே கேட்டுப் பாருங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கே தெரியவில்லை என்றால், அந்தக் குழு பேப்பரில் மட்டும்தான் இருக்கிறது.

பேச்சில் இருக்கிறது பாதி விஷயம்

தமிழில் 'நீ', 'நீங்க' இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் உண்டு. இருபத்தைந்து வயது மேனேஜருக்கு "சார்", ஐம்பத்தைந்து வயது துப்புரவுப் பணியாளருக்கு "ஏய், இங்க வா". பல ஆபீஸ்களில் இது யாருக்கும் தவறாகவே தோன்றுவதில்லை. எல்லோரையும் 'நீங்க' என்று அழைப்போம் என்று முடிவெடுத்தால், அன்றைக்கே அது நடைமுறைக்கு வந்துவிடும்.

வடமாநிலத் தொழிலாளர்கள் விஷயம் இன்னும் தீவிரமானது. ஊரைச் சொல்லிக் கிண்டல் செய்வது ஒருபுறம். இயந்திரத்தின் மீது ஒட்டியிருக்கும் எச்சரிக்கை தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவருக்கு அது புரியாது. அங்கே மொழி தெரியாததற்கு விலை ஒரு விரலாக இருக்கலாம், உயிராகவும் இருக்கலாம்.

சாப்பாட்டு மேஜையும் அப்படித்தான். "இங்க நான்-வெஜ் சாப்பிடாதீங்க" என்று ஒருவரை மட்டும் ஓரமாக உட்கார வைப்பதும், சிலருக்குத் தனி டம்ளர் வைப்பதும் வெறும் பழக்கம் என்று கடந்துபோகக் கூடியவை அல்ல. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு ஒழித்துவிட்டது. பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம்.

"இப்படிப் பார்த்தா தகுதி போயிடாதா?"

அடிக்கடி வரும் கேள்வி இது. மேலே சொன்ன ஆய்வை மறுபடி பாருங்கள். தகுதி ஒன்றாக இருந்தும் பெயரால் ஒருவர் தள்ளப்பட்டார். அப்போது இழப்பு அவருக்கு மட்டும் இல்லை, நல்ல ஆளை விட்ட நிறுவனத்துக்கும்தான். எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போட்டால் தகுதி இன்னும் தெளிவாகத் தெரியும்.

அமெரிக்காவில் நிறுத்துகிறார்களே, இங்கே?

2025 ஜனவரியில் அதிபர் ட்ரம்ப் பதவியேற்றதும், அமெரிக்க மத்திய அரசின் டி.இ.ஐ. திட்டங்களை நிறுத்த உத்தரவிட்டார். சில பெரிய நிறுவனங்களும் பின்வாங்கின. சென்னையில் அமெரிக்க நிறுவனங்களுக்கு வேலை செய்யும் பலருக்கு, இங்கும் இது போய்விடுமா என்ற கேள்வி எழுந்தது. தலைமையகம் பயிற்சி வகுப்பை நிறுத்தலாம், விழாவை ரத்து செய்யலாம். ஆனால் பேறுகால விடுப்பு, புகார்க் குழு, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி, உட்கார இருக்கை எல்லாம் இங்கே சட்டம். எந்த நாட்டில் யார் அதிபரானாலும் அவை மாறாது.

நாளைக்கே என்ன செய்யலாம்?

முதலாளி, மேனேஜராக இருந்தால்:

- நிற்கும் வேலை செய்பவர்களுக்கு இருக்கை போடுங்கள். உட்காரலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.
- பெண்கள் கழிப்பறையை நீங்களே ஒருமுறை யாரும் இல்லாத நேரத்தில் பாருங்கள். தாழ்ப்பாள், தண்ணீர், நாப்கின் போடக் கூடை இருக்கிறதா?
- இன்டர்வியூ கேள்விகளை முன்கூட்டியே எழுதி, எல்லோரிடமும் அதையே கேளுங்கள். திருமணம், சாதி, ஊர் வேண்டாம்.
- ஒரே வேலை செய்யும் ஆண், பெண் சம்பளத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசத்துக்குக் காரணம் சொல்ல முடியவில்லை என்றால் சரிசெய்யுங்கள்.
- யார் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று கணக்கெடுங்கள். ஒரே வகை ஆட்கள் தொடர்ந்து போனால், குறை வேலையிடத்தில் இருக்கிறது.

ஊழியராக இருந்தால்:

- மீட்டிங்கில் ஒருவர் சொன்ன யோசனையை இன்னொருவர் தன்னுடையதாகச் சொன்னால், "இதை அவங்கதான் முதல்ல சொன்னாங்க" என்று எடுத்துச் சொல்லுங்கள்.
- டீ வாங்குவது, கேக் வெட்ட ஏற்பாடு செய்வது, நோட்ஸ் எடுப்பது எல்லாம் பெண்களிடமே போகிறதா? முறை வைத்துச் செய்யுங்கள்.
- கிண்டல் எல்லை மீறும்போது கூடச் சேர்ந்து சிரிக்காமல் இருப்பதே ஒரு தொடக்கம்.

புகார் எங்கே செய்வது?

- இருக்கை போன்ற கடை ஊழியர் பிரச்சினைகள்: உங்கள் பகுதி தொழிலாளர் துறை அலுவலகம்.
- பாலியல் தொல்லை: உள்ளகப் புகார்க் குழு, மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழு, மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளம். உடனடி உதவிக்கு 181 மகளிர் உதவி எண்.
- மாற்றுத்திறனாளிகள்: மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்.
- திருநர்கள்: 2019 சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்க்கும் அலுவலர் இருக்க வேண்டும். முதலில் அவரை அணுகலாம்.
- இலவச சட்ட உதவி: 15100.

தேதி, நேரம், யார் இருந்தார்கள் என்பதை அன்றே எழுதி வையுங்கள். மெசேஜ், மெயில் இருந்தால் அழிக்காதீர்கள். விசாரணையில் உங்கள் பக்கம் பேசப் போவது அவைதான்.